‘இந்த மொடலின் சீட்டே அப்படித்தான்’ என்று முகவர் சொன்னால்

உங்கள் கேள்வியை நான் இப்படி விளங்கிக்கொள்கிறேன். வெள்ளவத்தையில் வீடு, கொள்ளுப்பிட்டியில் வேலை, உயரம் ஐந்தடி ஓரங்குலம். இரண்டரை மாதங்களுக்கு முன் உள்ளூர் முகவரிடம் புத்தம் புதிய கார் வாங்கியிருக்கிறீர்கள். காலி வீதி நெரிசலில் நாற்பது நிமிடம் ஓட்டினால் இடுப்பு வலிக்கிறது, வலது தொடையின் பின்புறம் மரத்துப்போகிறது, தலைத்தாங்கி தலையை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டு தடவை போய்ச் சொன்னீர்கள். “இந்த மொடலின் சீட்டே அப்படித்தான், வேறு யாரும் குறை சொல்லவில்லை” என்று அனுப்பிவிட்டார்கள். இனி ஜப்பானிலுள்ள தயாரிப்பாளருக்கே நேரில் எழுதினால் உதவி கிடைக்குமா, அல்லது வெளியே கொடுத்து சீட்டை மாற்றிவிடலாமா என்று கேட்கிறீர்கள். அதற்கு அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று கிடக்கிறது: பிழை காரிலா, என் உடம்பிலா? அதற்கு விடை கண்ட பிறகுதான் யாருக்கு எழுதுவது என்பதே தெளிவாகும்.

நான் வாகன இறக்குமதி நிறுவனமொன்றின் சேர்விஸ் பிரிவில் பத்தொன்பது வருடம் வேலை செய்தவன். அதில் ஏழு வருடம் முறைப்பாட்டு மேசையில் இருந்தேன். “அப்படித்தான்” என்று சொல்லி ஆட்களை அனுப்பியவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் வைத்தியன் அல்லன். உங்கள் காரில் உட்கார்ந்து பார்த்ததும் இல்லை. ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரை விட்டு இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தாலோ, பாதம் தளர்ந்தாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ அது சீட்டுப் பிரச்சினை அல்ல. அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். இறங்கிப் பத்து நிமிடம் நடந்ததும் தெளிந்துவிடும் மரப்பைப் பற்றித்தான் கீழே எழுதுகிறேன்.

மற்ற எல்லாவற்றுக்கும் முன் ஒரு திகதியைக் கவனியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, விற்பனையாளர் வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி அதிகார சபையிடம் முறையிடலாம். ஆனால் எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். உங்களுக்கு இரண்டு வாரம்தான் மிச்சம். சீட்டில் உண்மையிலேயே பிழை இருக்கிறதா என்று தெரியும் முன்பே இந்தக் கதவு மூடிவிடக் கூடாது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து நடைமுறையைக் கேட்கலாம், ஆனால் அழைப்பு மட்டும் போதாது. சுருக்கமான ஒரு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிறகு ஆறுதலாக மற்ற வேலைகளைப் பாருங்கள்.

இனி உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முகவரின் காதிலும் தயாரிப்பாளரின் காதிலும் “வசதியாக இல்லை” என்ற சொல் விழுவதே இல்லை. தையல் விட்ட சட்டையைக் கொண்டுபோனால் கடைக்காரர் மாற்றித் தருவார். அளவு பொருந்தாத சட்டையைக் கொண்டுபோனால் “போட்டுப் பார்த்துத்தானே வாங்கினீர்கள்” என்பார். சீட்டுக்கும் இதே நியாயம்தான். கம்பி கழன்றது, ஸ்பொஞ் ஒரு பக்கம் அமுங்கியது, தண்டவாளத்தில் சீட் ஆடுகிறது என்றால் அது தையல் விட்ட சட்டை. அவர்கள் செலவில் திருத்த வேண்டும். சீட் சரியாகவே இருக்கிறது, உங்கள் கால் நீளத்துக்குத்தான் பொருந்தவில்லை என்றால் அது அளவு. அதற்காக எந்தத் தயாரிப்பாளரும் வேறு சீட் செய்து அனுப்பியதை நான் கண்டதில்லை. உங்கள் கடிதத்தில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. கலந்து கிடக்கும்வரை அவர்கள் எல்லாவற்றையும் அளவுப் பிரச்சினை என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர்களுக்குச் செலவில்லாத விடை அதுதானே.

நீங்கள் சொன்ன மூன்றில், தலைத்தாங்கி அநேகமாக அளவுப் பிரச்சினை. பின்னாலிருந்து வேறு வாகனம் மோதும்போது கழுத்து ஒடியாமல் காக்க, தலைக்கும் தாங்கிக்கும் இடையிலான தூரம் 55 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கா ஒரு விதி கொண்டுவந்தது. அது 2009 செப்டெம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு தலைத்தாங்கி தலையைத் தள்ளுகிறது என்ற முறைப்பாடு உலகம் முழுவதும் பெருகியது. ஆனால் அந்தத் தூரத்தை அளப்பது பொதுவாக முதுகுச் சாய்வு 25 பாகையில் இருக்கும்போது, அதுவும் சராசரி ஆணின் உடல்வாகு கொண்ட ஒரு பொம்மையை உட்காரவைத்து. நீங்களோ கால் எட்டுவதற்காக சீட்டை முன்னே தள்ளி, சாய்மானத்தை நிமிர்த்தி வைத்திருப்பீர்கள். சாய்மானம் நிமிர நிமிர அதன் உச்சியில் இருக்கும் தாங்கியும் முன்னே வருகிறது. தலையைத் தள்ளுவது இதுதான். தயவுசெய்து தாங்கியைக் கழற்றித் திருப்பிப் போடாதீர்கள். பலர் அப்படிச் செய்கிறார்கள். விபத்தில் கழுத்து பின்னே போகும் இடம் வெறுமையாகிவிடும்.

இடுப்பு வலியின் வேரும் இங்கேதான் என்று நினைக்கிறேன். உட்காரும் மெத்தையின் நீளம் உங்கள் தொடையைவிடக் கூடுதலாக இருந்தால் அதன் முன்விளிம்பு முழங்கால் மடிப்பில் முட்டும். முட்டாமலிருக்க நாமறியாமலே பிட்டத்தை முன்னே இழுத்துக்கொள்வோம். உடனே இடுப்புக்கும் சாய்மானத்துக்கும் இடையே வெளி விழுந்து முதுகு வில்லாக வளையும். சோதிப்பது எளிது: பிட்டத்தைப் பின்னால் முழுவதும் ஒட்டவைத்து உட்காருங்கள். மெத்தை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அந்த மெத்தை உங்களுக்கு நீளம். 1974இல் சுவீடனில் ஆய்வாளர்கள் கார் ஓட்டுநர் இருக்கையிலேயே ஆட்களை உட்காரவைத்து, முள்ளந்தண்டின் இடைத்தட்டில் ஏறும் அழுத்தத்தை ஊசி செலுத்தி அளந்தார்கள். சாய்மானத்தைப் பின்னுக்குச் சரித்தபோதும் இடுப்பு வளைவில் தாங்கல் கொடுத்தபோதும் அழுத்தம் குறைந்தது. பழைய ஆய்வு, சில ஆட்கள்தான். ஆனாலும் நான் பார்த்த முதுகுகள் அதற்கு எதிராகச் சாட்சி சொன்னதில்லை.

வலது தொடை மட்டும் மரப்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. ஒன்று, அது நிரபராதியாக இருக்கலாம்: ஓட்டோமெட்டிக் காரில் இடது கால் சும்மா கிடக்கிறது, பம்பலப்பிட்டிச் சந்தி நெரிசலில் வலது கால்தான் பிரேக்குக்கும் அக்சிலேற்றருக்கும் இடையே அலைகிறது. நீளமான மெத்தை விளிம்பு அந்தத் தொடையைத்தான் கூடுதலாக அழுத்தும். சிறிய கார்களில் வலது முன்சில்லின் மேற்குழி உள்ளே புடைத்திருப்பதால் மிதிகளைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள்; உடம்பு கொஞ்சம் முறுகியே இருக்கும். இவை பிழையல்ல. ஆனால் உண்மையான பிழைக்கும் இடமிருக்கிறது. மெத்தை ஸ்பொஞ்சுக்கு அடியில் வளைகம்பி ஸ்பிரிங்குகள் இருக்கும். தொழிற்சாலையில் ஒரு கொக்கி சரியாக மாட்டப்படாவிட்டால் அந்தப் பக்கம் அமுங்கி, இடுப்பெலும்பு சரிந்து, ஒரு பக்கம் மட்டும் வலிக்கும். எங்கள் மேசைக்கு ஒரு வங்கி அதிகாரி நான்கு தடவை வந்தார். நான்கு தடவையும் நான் சீட்டை மேலிருந்து அழுத்திப் பார்த்துவிட்டு “நல்லாயிருக்கிறது சேர்” என்றேன். ஐந்தாம் தடவை, பயிற்சிக்கு வந்த பையன் ஒருவன் சீட்டுக்கு அடியில் கையை விட்டான். விரலில் கீறலோடு வெளியே எடுத்தான். கொக்கி கழன்று ஸ்பொஞ்சைக் கிழித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

ஆகவே அளந்து பாருங்கள். முதலில் காரோடு இலவசமாகக் கொடுத்த ரெக்சீன் உறை போட்டிருந்தால் கழற்றுங்கள். துணி சீட்டின் மேல் இறுக்கி இழுத்துப் பூட்டிய உறை மேளத்தோல் போல நிற்கும். உள்ளேயிருக்கும் ஸ்பொஞ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் குணம் மேலே வராது. தொழிற்சாலைப் பொலித்தீனை இன்னும் கிழிக்காமல் வைத்திருந்தால் (நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு, கார் பழசானாலும் பொலித்தீன் பழசாகக் கூடாது) அதையும் கிழித்துவிடுங்கள். வியர்வையில் வழுக்கி வழுக்கி முன்னே வருவதற்கு அதுவும் காரணம். அடுத்தது டயர். கப்பலில் வரும் கார்களுக்கு டயர் காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவது வழக்கம். கையளிக்கும் முன் குறைக்க வேண்டும், சில வேளை மறந்துவிடுவார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில், மன்னிக்கவும், துண்டில் சரியான அளவு இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கல்லாக இருக்கும் டயரின் குற்றத்தை சீட்டின் தலையில் கட்டிய வழக்குகள் பல கண்டிருக்கிறேன்.

பிறகு காரைச் சமதரையில் நிறுத்தி, மெத்தைக்குக் குறுக்கே நேரான பலகை ஒன்றை வைத்து, இடது வலது இரண்டு ஓரத்திலும் காரின் தரையிலிருந்து உயரத்தை அளந்து படம் எடுங்கள். பக்கத்து சீட்டிலும் அதையே செய்யுங்கள். இரண்டும் கண்ணாடிப் பிம்பம் போல ஒத்துவர வேண்டும். ஆள் உட்கார்ந்தால்தான் அமுங்கும் என்பதால், பலகையின் நடுவில் பத்துக் கிலோ அரிசி மூட்டையை வைத்து மறுபடியும் அளப்பது இன்னும் நல்லது. உறுத்தும் கம்பி இருக்கிறதா என்று அடியில் பாருங்கள், வெறும் கையால் அல்ல, டோர்ச் வெளிச்சத்தில். மஞ்சள் நிறக் கொழுவி தெரிந்தால் தொடாதீர்கள், அது எயார்பேக் இணைப்பு. எல்லாவற்றிலும் வலுவான சோதனை வேறொன்று: முகவரிடம் அதே மொடலில் இன்னொரு காரைக் கேட்டு அரை மணிநேரம் ஓட்டுங்கள். அதிலும் அதே தொடை மரத்தால் அது பெரும்பாலும் பொருத்தமின்மை. உங்கள் காரில் மட்டும் மரத்தால் இனி “அப்படித்தான்” என்று அவர்களால் சொல்ல முடியாது.

இதற்கிடையில் அமரும் முறையை மாற்றிப் பாருங்கள், செலவில்லாத வேலை. பிட்டம் பின்னே ஒட்டியிருக்க, பிரேக்கை முழுவதும் மிதித்தாலும் முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கும் தூரத்தில் சீட்டை வையுங்கள். குள்ளமானவர்கள் பாதை தெரிவதற்காக சீட்டை உச்சிக்கு ஏற்றிவிடுவார்கள். குதிகால் தரையில் நன்றாகப் பதியாமல் தொடை தொங்கும், மரப்புக் கூடும். பாதை தெரியும் அளவுக்கு மட்டும் ஏற்றி நிறுத்துங்கள். சாய்மானத்தை இப்போதிருப்பதைவிட இரண்டு சொடுக்குப் பின்னே விடுங்கள், ஸ்டியரிங் உள்ளே வெளியே நகருமானால் அதை உங்களை நோக்கி இழுங்கள். ஆனால் நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே 25 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், எயார்பேக் விரிய இடம் வேண்டுமல்லவா. பிறகு ஒரு குளியல் துவாயை நாலைந்து சென்ரிமீற்றர் தடிப்பில் உருட்டி இடுப்பு வளைவில் வையுங்கள். இது இரண்டு வேலை செய்யும்: முதுகைத் தாங்கும், உங்களைக் கொஞ்சம் முன்னே கொண்டுவருவதால் மெத்தையின் நீளத்தையும் குறைத்துவிடும். துவாயோடு ஒரு கிழமை ஓட்டி வலி பாதியாகக் குறைந்தால் சீட்டில் உடைவு தேடுவது வீண் என்றே சொல்வேன். அடியில் தடித்த தலையணை போட்டு உட்காருவது மட்டும் வேண்டாம். சீட் பெல்ட் இடுப்பெலும்பிலிருந்து வயிற்றுக்கு ஏறிவிடும். யாழ்ப்பாணம் போகும் நாளில் அந்த 400 கிலோமீற்றரை ஒரே மூச்சில் ஓடாமல் இரண்டு மணிநேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடவுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. பலரைப் போல நீங்களும் பழைய காரிலேயே ஐந்தாறு வருடம் ஓட்டியிருந்தால், உங்கள் உடம்புக்கு ஏற்றபடி குழிவிழுந்த சீட்டில் பழகியிருப்பீர்கள். புது ஸ்பொஞ் இறுக்கமாகத்தான் இருக்கும். சில மாதத்தில் கொஞ்சம் இளகும். ஆனால் இளகும் என்று சொல்லி உத்தரவாதக் காலத்தைக் கடத்துவது எங்கள் பழைய தந்திரங்களில் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

அளவுகளில் வித்தியாசம் தெரிந்தால் எழுதும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. சேசிஸ் இலக்கம், வாங்கிய திகதி, ஓடிய தூரம், இடது வலது உயரங்கள், மற்றக் காரில் கிடைத்த அனுபவம், படங்கள் இருந்தால் போதும். “நிம்மதியே போய்விட்டது” என்ற வரி வேண்டாம். உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைப் படிப்பவர் அதற்குப் பதில் எழுதிவிட்டு அளவுகளுக்குப் பதில் எழுதாமல் தப்பிவிடுவார். முறைப்பாட்டை ஜொப் கார்டில், அதாவது சேர்விஸுக்கு விடும்போது அவர்கள் எழுதும் வேலைப் பதிவில், உங்கள் சொற்களிலேயே எழுதவைத்துப் பிரதி வாங்குங்கள். முந்தைய இரண்டு தடவையும் வாயால் சொன்னதோடு நின்றிருந்தால், நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்கள் வரவே இல்லை. பிறகு, தயாரிப்பாளரின் தொழில்நுட்பப் பிரிவுக்கு இதை அறிக்கையாக அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். இந்த வழி ஒவ்வொரு முகவரிடமும் இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்காமல் அதை நாங்கள் திறப்பதில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானுக்கு நேரில் எழுதுவதைப் பற்றி: ஓர் ஆசிரியை பதினான்கு பக்க மின்னஞ்சல் அனுப்பினார். ஒன்பதாம் நாள் பணிவான பதில் வந்தது, உள்ளூர் முகவரைத் தொடர்புகொள்ளுங்கள் என்று. அந்தப் பதினான்கு பக்கமும் அடுத்த நாள் என் மேசையில் கிடந்தது. இருந்தாலும் வீண்போகவில்லை, மேலிடம் பார்த்துவிட்டது என்றவுடன் எங்கள் முகாமையாளரின் குரல் மாறியது, இரண்டரை மாதத்தில் கப்பலில் புது ஸ்பொஞ் வந்தது. ஆகவே எழுதுங்கள், ஆனால் முகவருக்கு எழுதியதன் பிரதியாக எழுதுங்கள். ஜப்பானிலிருந்து பழுதுபார்க்க ஆள் வருவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜப்பானில் ஓடிய காரை இங்கே வாங்கி வைத்திருக்கும், இதைப் படிக்கும் ரீகண்டிஷன் கார்க்காரர்களுக்கு இந்த வழியும் அநேகமாக இல்லை. ஜப்பானுக்குள் விற்கச் செய்த காரின் உத்தரவாதம் பொதுவாக அந்த நாட்டோடு நின்றுவிடும். சேசிஸ் இலக்கம் 17 எழுத்தாக இல்லாமல், ஒரு குறியீடு, ஒரு கோடு, பிறகு எண்கள் என்று இருந்தால் அது பெரும்பாலும் அந்த வகைக் கார். அவர்களுக்கு எதிராளி இங்கே விற்ற வியாபாரிதான்.

வெளியே கொடுத்து மாற்றுவதை உத்தரவாதம் முடியும்வரை தள்ளிப்போடுங்கள். குஷன் கடைக்காரர் ஸ்பொஞ்சில் கைவைத்த நிமிடமே முகவர் கைகழுவிவிடுவார். அதன் பிறகு செய்வதானாலும் மெத்தையின் முன்விளிம்பைக் குறைப்பது, இடுப்பில் தாங்கல் வைப்பது போன்ற சிறிய வேலைகளை நல்ல கைகாரர் அழகாகச் செய்வார். படுக்கை மெத்தைக்குரிய ஸ்பொஞ்சை வெட்டிப் போடுபவரிடம் கொடுக்காதீர்கள், ஆறு மாதத்தில் தட்டையாகிவிடும். பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் வேறு காரின் சீட் வாங்கிப் பூட்டும் யோசனையை நான் முற்றாக எதிர்க்கிறேன். சீட்டின் ஓரத்தில் பக்க எயார்பேக் இருக்கிறது, பல கார்களில் சீட்டோடு சேர்ந்த உணரிகளும் பெல்ட் கொழுவியும் இருக்கின்றன. பொருந்துகிறது என்பதும் வேலை செய்யும் என்பதும் வேறு வேறு.

வழக்கு வரை போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தில் பொருளின் தரம், தகுதி பற்றிய உட்கிடை நிபந்தனைகள் உண்டு. ஆனால் வாங்கியவர் பார்த்துச் சோதித்த பொருளில், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அது கைகொடுக்காது. கழன்ற கொக்கி பத்து நிமிட ஓட்டத்தில் தெரியாது என்று வாதாடலாம். நீளமான மெத்தைக்கு அந்த வாதம் நிற்காது என்பது என் எண்ணம். இதற்கு மேல் ஒரு சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும்.

அரிசி மூட்டையோடு அளந்த நான்கு உயரங்களையும், ரெக்சீன் உறை இருந்ததா இல்லையா என்பதையும் இங்கே எழுதுங்கள் சகோதரி. வலது பக்கம் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தால் கடிதத்தின் வாசகத்தை நானே பார்த்துத் தருகிறேன்.